சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம்: பெரியதா, நடுத்தரமா?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கப்பல் பயணம் எட்டாத ஆடம்பரம் இல்லை. மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் கப்பல் முனையம் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு எழுபது வயது நிறைவு, அம்மாவின் பணி ஓய்வு, ஊரிலிருந்து அத்தை மாமா வருகை என்று ஏதாவது ஒன்று வந்தவுடன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது "குரூஸ் போகலாமே" என்று எழுதுகிறார்கள். எந்தக் கப்பல் என்று அடுத்து பேசும்போது, விளம்பரத்தில் கண்ணை நிறைக்கும் மிகப் பெரிய கப்பலே பெரும்பாலும் பதிலாகிவிடுகிறது. அதில் பாதி அளவுள்ள இன்னொரு கப்பலும் அதே கடலில் போகிறது என்பது பலர் காதுக்கு எட்டுவதே இல்லை.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களையும், சில நாள் கூட்டத்தை விட்டு விலகியிருக்க நினைக்கும் தம்பதிகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் சாய்வு நடுத்தரக் கப்பலின் பக்கம்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உடன் வருகிறார்கள் என்றால் நான் வேறு பதில் சொல்வேன். அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் நம் முன்னால் இருக்கும் கப்பல்கள். பெரிய வகையில், ராயல் கரீபியன் நிறுவனம் சில காலம் இங்கிருந்து ஓட்டிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 169,379 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் 4,246 பேர். ஸ்டார்ட்ரீம் குரூஸஸ் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூஸஸ்) ஓட்டும் கெந்திங் ட்ரீம் 150,695 டன், 3,352 பேர். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சர் இவற்றையும் மிஞ்சியது: சுமார் 208,000 டன், ஏறக்குறைய 6,700 பேரை ஏற்றும் அளவு. நடுத்தரத்தில், 2025 மார்ச்சில் இங்கிருந்து ஓடத் தொடங்கிய ஸ்டார் வாயேஜர் 77,441 டன், 1,940 பேர். ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் வெஸ்டர்டாம் சுமார் 82,000 டன், 1,900 பேருக்குச் சற்று மேல். இன்னும் கீழே இறங்கினால் அசமாரா, ஓஷனியா நிறுவனங்களின் 30,277 டன் கப்பல்கள். அவற்றில் ஏறத்தாழ 680 பேர்தான். நூறு இருநூறு பேர் மட்டும் போகும் பாய்மரக் கப்பல்களும் சொகுசுக் கப்பல்களும் உண்டு. அவற்றின் விலையும் பழக்கவழக்கங்களும் வேறு உலகம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

'பெரிய கப்பல் என்றால் நெரிசல், சின்னக் கப்பல் என்றால் இடம் தாராளம்' என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியில்லை. கப்பல் விவரங்களில் வரும் மொத்த டன் எடையைக் குறிப்பதில்லை. கப்பலுக்குள் அடைபட்ட மொத்தக் கொள்ளளவைக் காட்டும் அளவு அது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று கிடைக்கும். ஸ்பெக்ட்ரமுக்கு அது கிட்டத்தட்ட 40. அதன் அளவில் பாதிகூட இல்லாத ஸ்டார் வாயேஜருக்கும் அதே 40. வெஸ்டர்டாமுக்கு 43 போல வருகிறது, கெந்திங் ட்ரீமுக்கு 45, 680 பேர் போகும் சின்னக் கப்பலுக்கும் 45-ஐ ஒட்டித்தான். ஆளுக்குக் கிடைக்கும் இடத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

அப்படியானால் நடுத்தரக் கப்பலில் ஏறியவுடன் உடம்பே உணரும் அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது? ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்குக் கிளம்புகிறவர்களின் எண்ணிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். கப்பலில் எல்லாரும் காலை எட்டரைக்குச் சாப்பிட வருகிறார்கள். ஒன்பதரைக்குக் கரையிறங்க வருகிறார்கள். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே சமயத்தில் லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறார்கள். தலைக்கு எத்தனை கன மீட்டர் இருந்தாலும் வாசல் ஒன்றுதான்.

புக்கெட்டில் இது கண்கூடாகத் தெரியும். பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டு நிற்கும்போது டெண்டர் படகுகளில்தான் கரைக்குப் போகவேண்டும். படகுக்கு 150 பேர் என்று வைத்துக்கொண்டால் 4,200 பேரை இறக்க 28 நடை ஆகும். 1,900 பேருக்கு 13 நடை. 680 பேருக்கு ஐந்தே நடை. இறங்கியவர்கள் அத்தனை பேரும் மாலையில் திரும்பியாக வேண்டும். கரையில் வெயிலில் வரிசையில் நிற்பது எழுபது வயதுக்காரருக்கு எப்படி இருக்கும் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, ஜூன் விடுமுறையில் ஒரு பெரிய கப்பலில் போய்வந்து, "கப்பல் அரண்மனை மாதிரிதான் இருந்துச்சு, ஆனா நான் பாதி நேரம் யார் முதுகையோ பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார்.

ஜூன் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன எண்ணிக்கைகள் அறைக்கு இருவர் என்ற கணக்கு. பள்ளி விடுமுறையில் மூன்றாவது நான்காவது படுக்கைகளும் நிரம்பும். ஸ்பெக்ட்ரம் முழுதாக நிரம்பினால் 5,622 பேர். தலைக்கு இடம் 30-க்கு இறங்கிவிடும். எனவே பெரிய கப்பலில்தான் போகவேண்டும் என்றாலும் ஜூன், நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் கடைசி வரை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் ஒரு வார விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, ஜனவரி கடைசியிலோ ஜூலையிலோ வார நடுவில் கிளம்பும் பயணத்தைப் பாருங்கள். பிள்ளைகள் இல்லாத பயணம் என்றால் இந்த ஒரு மாற்றமே பாதி வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும்.

கப்பலின் நீளமும் பெரியவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஸ்பெக்ட்ரம் 347 மீட்டர். பின்பக்கத்து அறையிலிருந்து முன்பக்கத்துக்குப் போய்வந்தாலே அரை கிலோமீட்டருக்கு மேல் நடை. வெஸ்டர்டாம் 285 மீட்டர், ஸ்டார் வாயேஜர் 261. 680 பேர் போகும் கப்பல்கள் 181 மீட்டர்தான். முட்டி வலி உள்ளவர்களுக்கு இந்த எண்கள் பால்கனி அறையைவிட முக்கியம். சின்னக் கப்பலில் இரண்டாம் நாளே வழி மனப்பாடமாகிவிடும். அம்மா தனியாகக் கிளம்பிப் போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். பெரிய கப்பலில் கடைசி நாள் வரைக்கும் யாராவது கூடப் போகவேண்டியிருக்கும். பெற்றோருக்கு விடுமுறை தருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்களை நம் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது துறைமுகங்கள். இதில் அளவு குறைந்த கப்பலுக்கு, குறிப்பாக 30,000 டன் கப்பலுக்கு, ஒரு தனி உரிமையே இருக்கிறது. நம் ஊரிலேயே பார்க்கலாம்: ஹார்பர்ஃபிரண்ட் முனையத்துக்கு மேலே செந்தோசா போகும் கேபிள் கார் ஓடுவதால் சுமார் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல்கள் அங்கே நுழைய முடியாது. உயரமான கப்பல்களையும் ஏற்கும்படி 2012-இல் திறந்ததுதான் மரினா பே முனையம். இதே கதை ஆற்றங்கரை நகரங்களில் இன்னும் பெரிதாக நடக்கிறது. பேங்காக் என்று அட்டவணையில் போட்டிருக்கும்; பெரிய கப்பல் நிற்பது லாம் சாபாங்கில். அங்கிருந்து நகரத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் அதற்கும் மேல். 30,000 டன் கப்பல்களால் சாவ் பிரயா ஆற்றில் ஏறி, நகரத்துக்குள்ளேயே இருக்கும் குளோங் தோய் துறைமுகம் வரைக்கும் போக முடியும். இறங்கி டாக்சி பிடித்தால் சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம்தான். ஹோ சி மின் நகரமும் அப்படியே. பெரிய கப்பல்கள் பூ மை பக்கத்தில் நின்றுவிடும். நகரத்துக்குப் போக ஒன்றரை இரண்டு மணி நேரம், திரும்பி வர அதே அளவு. சின்னக் கப்பல்கள் சைகோன் ஆற்றில் வளைந்து வளைந்து நகரத்துக்கே போகும். அங்கேயும் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று நகர நடுவில் இருக்கிறது.

ஆனால் இது எல்லாத் துறைமுகத்துக்கும் பொருந்தாது. பினாங்கில் பெரிய கப்பலும் சின்னக் கப்பலும் ஸ்வெட்டன்ஹம் துறையில் ஜார்ஜ் டவுன் வாசலிலேயே நிற்கின்றன. இறங்கினால் மணிக்கூண்டு, கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் சிறிது நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். போர்ட் கிள்ளானிலும் கப்பலின் அளவால் பெரிய மாற்றமில்லை. யாராக இருந்தாலும் கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில்தான் போகவேண்டும். ஆகவே உங்கள் பயணம் பினாங்கும் போர்ட் கிள்ளானும் மட்டும் என்றால், துறைமுகத்துக்காக நடுத்தரக் கப்பலைத் தேடி அதிகச் செலவு செய்யவேண்டாம்.

செலவு என்றதும் உள்ளதைச் சொல்லவேண்டும். இரண்டு, மூன்று, நான்கு இரவுப் பயணங்களை அடிக்கடியும் மலிவாகவும் தருவது பெரிய கப்பல்கள்தான். ஹாலந்து அமெரிக்கா, அசமாரா, ஓஷனியா போன்றவை நம் பக்கம் வருவது பெரும்பாலும் அக்டோபர் நவம்பரிலிருந்து மார்ச் ஏப்ரல் வரை. பயணங்களும் நீளம், பத்து, பன்னிரண்டு, பதினான்கு இரவு என்று போகும். இரவுக்கு இவ்வளவு என்று பார்த்தாலும் விலை கூடுதல்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு வருட விடுப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பல பயணங்கள் சிங்கப்பூரில் தொடங்கி ஹாங்காங்கிலோ பேங்காக்கிலோ மும்பையிலோ முடிவதால் திரும்பி வர விமானச் சீட்டும் தனியாகச் சேரும். ஓய்வுபெற்ற பெற்றோரை மட்டும் அனுப்புவது என்றால் இது சரிப்படும். உடன்பிறந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டால் தாங்கக்கூடிய தொகைதான். எந்தக் கப்பலானாலும் ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் கணக்கில் ஏறும். சில நிறுவனங்கள் அதைச் சீட்டு விலையிலேயே சேர்த்துவிடுகின்றன, சில கடைசி நாள் பில்லில் காட்டுகின்றன. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே தளத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது ஸ்டார் வாயேஜர். 1997-இல் டான் பிரின்சஸ் என்ற பெயரில் கட்டிய கப்பல். பின்னர் பசிபிக் எக்ஸ்ப்ளோரர் ஆகி ஆஸ்திரேலியாவில் ஓடிவிட்டு இங்கே வந்தது. 1999-இல் வந்த சூப்பர்ஸ்டார் வர்கோவை நினைவிருப்பவர்களுக்கு இதன் அளவு பழக்கமானதாக இருக்கும். அதுவும் ஏறக்குறைய 75,000 டன்தான். இங்கே பல தமிழ்க் குடும்பங்களின் முதல் கப்பல் பயணம் வர்கோவில்தான் நடந்தது. சில இரவுகளில் முடியும் பயணம், நடுத்தர அளவு என்று இரண்டும் வேண்டுமானால் ஸ்டார் வாயேஜரின் அட்டவணையைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் அது ஒரே துறைமுகத்தில் தங்குவதில்லை என்பதால் தேதி முக்கியம். ஒன்று மட்டும்: அளவு நடுத்தரம் என்பதால் அமைதி தானாக வந்துவிடாது. விடுமுறைக் குடும்பங்களும் சூதாட்ட அறையும் கரோக்கேயும் நிறைந்த கப்பலின் இயல்பு ஒன்று. நூலகமும் பியானோவும் மாலைத் தேநீரும் உள்ள கப்பலின் இயல்பு வேறு. நிறுவனத்தின் குணமும் அளவும் சேர்ந்துதான் கப்பலின் சூழலைத் தீர்மானிக்கின்றன.

அந்த இரண்டாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். வெஸ்டர்டாமில் கப்பலைச் சுற்றி வரும் நடைதளம் கீழ்மட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீரின் சத்தம் கேட்கும். பெரிய கப்பல்களில் பதினைந்தாவது பதினாறாவது தளத்திலிருந்து பார்க்கும் கடல் ஒரு படம் போல எட்ட நிற்கிறது. இங்கே உப்புக்காற்று முகத்தில் படுகிறது. 680 பேர் கப்பல்களின் பத்தாம் தளத்தில் ஒரு நூலகம் உண்டு. ஓவியம் தீட்டிய கூரை, ஆழமான நாற்காலிகள். மதியம் அங்கே போய்ப் பாருங்கள், பாதிப் பேர் புத்தகத்தை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்திருப்பார்கள். பரிமாறுகிறவர் மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைக் கேட்காமலே நினைவில் வைத்திருப்பார். 4,000 பேர் உள்ள இடத்தில் அந்த ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது கடினம். அதே எட்டுப் பேரைத் தினமும் பார்ப்பதால் பேச்சு தொடங்குகிறது. அறிவிப்புகள் குறைவு. எதையாவது தவறவிடுகிறோமோ என்ற பதற்றம் வருவதில்லை, ஏனென்றால் தவறவிடுவதற்கு அங்கே அதிகம் இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவர்ச்சி. சிங்கப்பூரில் வாழ்கிற நமக்கு வாரம் முழுவதும் நேரம் குறித்த வாழ்க்கை. விடுமுறையிலும் ஆப்பைத் திறந்து ஏழரை மணிக் காட்சிக்கு இடம் பிடிக்கவேண்டுமா?

இங்கே வயதானவர்களில் சிலர் ரஜூலாவில் வந்தவர்கள். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 8,500 டன்கூட இல்லை. 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம், 1985 வரை. பாயை விரித்து இடம் பிடித்து, வாந்தி மயக்கத்தோடு இதே மலாக்கா நீரிணையைக் கடந்தவர்களை இன்று அதே கடலுக்கு அழைத்துப் போகிறோம். அவர்கள் பேச நினைப்பது நிறைய இருக்கும். பினாங்குக் கடலைப் பார்த்துக்கொண்டே "இங்கதான் மருந்தடிச்சு இறக்குனாங்க" என்று ஆரம்பிக்கும்போது பக்கத்தில் டிஜே இசை முழங்காமல் இருந்தால் நல்லது. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், மற்றக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அமைதியான கப்பலையே தேடுங்கள் என்பேன்.

சாப்பாட்டில் நிலைமை தலைகீழ். இதில் கெந்திங் ட்ரீம் தெளிவாக முன்னே நிற்கிறது. இந்திய சைவ உணவு, ஹலால் உணவு, ஜைன முறைச் சமையல் எல்லாம் அங்கே வழக்கமான ஏற்பாடு. மேற்கத்திய நடுத்தரக் கப்பல்களில் இந்திய சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்கவேண்டும். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏறிய முதல் மாலையே உணவுக்கூடத் தலைவரிடம் பேசினால், அடுத்த நாள் மெனுவை முந்தின இரவே காட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பருப்பு, கறி, சப்பாத்தி, தயிர் வரும். இட்லியை எதிர்பார்க்கவேண்டாம். வெங்காயம் பூண்டு தவிர்க்கிறவர்களும், தனிச் சமையல் பாத்திரம் வேண்டும் என்பவர்களும் பெரிய கப்பலுக்கே போவது நல்லது. ஊறுகாயும் பொடியும் கையில் இருந்தால் மற்றவர்கள் சமாளித்துவிடலாம்.

பிள்ளைகளைப் பற்றி முதலில் சொன்னேன். ஸ்பெக்ட்ரமில் அலைச்சறுக்கு உண்டு, காற்றில் மிதக்க வைக்கும் குழாய் உண்டு, கடலுக்கு மேல் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு உண்டு, மோதும் கார்கள் உண்டு. கெந்திங் ட்ரீமில் நீர்ச்சறுக்குகளும் கயிற்றுப் பாதையும். ஒன்பது வயதுப் பையனுக்கு நூலகத்தையும் பியானோவையும் காட்டி மூன்று நாள் கடலில் வைத்திருப்பது அவனுக்கும் நல்லதில்லை, மற்றப் பயணிகளுக்கும் நல்லதில்லை. மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் பயணம் என்றால் பெரிய கப்பலே சரி. தாத்தா பாட்டிக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறையாக எடுங்கள். கரையிறங்கும்போது முதல் அலையை விட்டுவிட்டுப் பத்தரைக்குப் போங்கள். நடுத்தரக் கப்பல்களில், குறிப்பாகப் பழையவற்றில், இணைப்புக் கதவுள்ள அறைகளும் நான்கு பேர் அறைகளும் குறைவு. குளியலறையும் சின்னது. சக்கர நாற்காலி நுழையும் அறைகள் கைவிட்டு எண்ணும் அளவே இருக்கும் என்பதால் அது தேவைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதியவேண்டும்.

கடல் ஆட்டம் பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். மலாக்கா நீரிணை சுமத்திராவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் சாதுவான கடல். விடியற்காலைச் சுமத்திராக் காற்று சில சமயம் வந்துபோகும், அவ்வளவுதான். அங்கே கப்பலின் அளவால் பெரிய வேறுபாடு தெரியாது. தென்சீனக் கடல் அப்படியில்லை. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது வியட்நாம் பக்கம் போனால் அலை எழும். கப்பலின் இருபுறமும் இருக்கும் சமநிலைத் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. 30,000 டன் கப்பல் அந்த மாதங்களில் 150,000 டன் கப்பலைவிட அதிகம் ஆடத்தான் செய்யும். தலைசுற்றல் உள்ளவர்களை அந்த வழியில் அந்த மாதங்களில் சின்னக் கப்பலில் ஏற்றாதீர்கள். மார்ச் மாதப் பயணமாகப் பார்த்தால் கடல் இன்னும் அடங்கியிருக்கும்.

ஆக, பெற்றோர் இருவர் மட்டும், அல்லது நீங்களும் துணைவரும் மட்டும், பத்து நாள் ஒதுக்க முடியும் என்றால், பேங்காக்கையோ ஹோ சி மின் நகரையோ தொடும் மார்ச் மாத நடுத்தர அல்லது சின்னக் கப்பலுக்கே என் ஓட்டு. முகவரிடம் கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குளோங் தோய் என்றால் பதியலாம், லாம் சாபாங் என்றால் விலையை மறுபடி யோசியுங்கள். மூன்று நான்கு நாள்தான் முடியும் என்றால் பள்ளி நாள்களில் ஸ்டார் வாயேஜர். அது அப்போது வேறு துறைமுகத்தில் இருந்தால் அதே தேதிகளில் கெந்திங் ட்ரீம். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், மேலும் கீழும் அறைகளே உள்ள இடமாகப் பாருங்கள். ஆட்டமும் குறையும், நடன அரங்கின் சத்தமும் கேட்காது. இந்தியக் கடவுச்சீட்டில் வரும் பெற்றோருக்குச் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழையும் அனுமதி பயணம் முடியும் நாள்வரை செல்லுமா, தொடும் நாடுகளில் யாருக்கு விசா வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.